வண்டி நின்னுச்சுன்னு சொன்னா நம்புங்கப்பா!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால தள்ளிப் போயிட்டே இருந்தது. போன வாரம் ஊருக்குப் போனப்ப எங்க டிரைவர் அண்ணன் "என்ன தம்பி, என் கதையை எழுதறேன்னீங்களே?"ன்னு கேட்டுட்டார். இனியும் தள்ள முடியாது.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. இன்ஜினியரிங் படிச்சேன், ஆனா படிச்சது கம்ப்யூட்டர். ஸ்பேனர் பிடிச்ச கை இல்லை, மவுஸ் பிடிச்ச கை. தப்பு இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க திட்டாம திருத்துங்க :-)

எங்க சித்தப்பா காஞ்சிபுரத்துல பட்டுப் புடவை நெய்ய வெச்சு விக்கிறவர். பெரிய கடையெல்லாம் கிடையாது. பிள்ளையார்பாளையத்துல கொஞ்சம் தறி, சென்னையில நாலைஞ்சு கடைக்கு சரக்கு, அவ்வளவுதான். அவருக்கு ஒரு பழைய பெட்ரோல் வேன். 94 மாடல். வண்டி என்னைவிட மூத்தது. கம்பெனி பேர் சொல்லப் போறதில்லை. முப்பது வருஷம் ஓடின வண்டியில ஒரு ஒயர் போனதுக்கு கம்பெனி மேல பழி போடறது நியாயமே இல்லை.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு வேன்னா என்னன்னு தெரியும். பாவு, ஜரிகை, நெய்து முடிச்ச புடவைன்னு எல்லாத்தையும் மழை படாம, எண்ணெய்க் கறை படாம கொண்டு போகணும். புடவை மேல ஒரு சொட்டு பட்டாலும் பல நாள் உழைப்பு போச்சு. எங்க தெருக்களுக்குள்ள பெரிய வண்டி திரும்பாது. அதனாலதான் ஆம்னி மாதிரி வேன்கள் எங்க ஊர்ல இத்தனை காலம் தாக்குப் பிடிச்சது. 1984ல மாருதி வேன்னு வந்து, அப்புறம் ஆம்னின்னு பேர் மாறி, 796 சிசி மூணு சிலிண்டர் இன்ஜினோட 2019 வரைக்கும் தயாரிப்பில இருந்த வண்டி அது. புதுசா வர்றது நின்னுடுச்சு, ஓடறது நிக்கலை. முன் சீட்டைத் தூக்கினா இன்ஜின். ரெண்டு தகரப் பெட்டிய ஒட்ட வெச்ச மாதிரி இருந்தாலும், சந்துக்குள்ள அதை அடிச்சுக்க ஆளில்லை.

சரி, கதைக்கு வர்றேன்.

போன வருஷம் சித்திரை மாசம், கல்யாண சீசன். வண்டி திடீர் திடீர்னு ஆஃப் ஆக ஆரம்பிச்சது. ஓடிக்கிட்டே இருக்கும், சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரி பட்டுனு நிக்கும். உடனே சாவியைப் போட்டா ஸ்டார்ட் ஆயிடும். ஒரு வாரம் ஒண்ணும் ஆகாது, அப்புறம் ஒரே நாள்ல மூணு தடவை.

டிரைவர் அண்ணன் சித்தப்பாகிட்ட சொன்னார். சித்தப்பா மெக்கானிக்கிட்ட அனுப்பினார். மெக்கானிக் அரை மணி நேரம் இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தார். அது பாட்டுக்கு ஓடிச்சு. "ஒண்ணும் இல்லையே, கார்பரேட்டர்ல குப்பை இருக்கும்"னு கழட்டி சுத்தம் பண்ணி, பெட்ரோல் ஃபில்டர் மாத்தி, 1,400 ரூபாய். நாலு நாள் நல்லா ஓடிச்சு. அஞ்சாவது நாள் மறுபடி.

அடுத்தது பெட்ரோல் பம்ப், 1,100 ரூபாய். அப்புறம் "இது எலக்ட்ரிக்கல், நம்ம வேலை இல்லை"ன்னு மெக்கானிக் கை விரிச்சுட்டார். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனா இக்னிஷன் காயில், பிளக், பிளக் கார்டு எல்லாம் புதுசு, 3,200. இன்னொருத்தர் பாயிண்ட்டும் கண்டென்ஸரும் மாத்தினார், 700. கடைசியா பேட்டரி, 4,300. கூட்டிப் பாருங்க, 10,700 ரூபாய். எலக்ட்ரீஷியன் "இது கார்பரேட்டர் வேலைங்க"ன்னு மெக்கானிக்கிட்டயே திருப்பி அனுப்பினது தனிக் கதை. அவ்வ்வ்வ்.

இதுக்கு நடுவுல வைகாசி மாசம் ஒரு நாள். சித்தியும் தங்கச்சியும் பின் சீட்ல, ஒரு கல்யாண ஆர்டருக்கான புடவைக் கட்டு மடியில. தி.நகர் போறாங்க. வெள்ளைகேட் தாண்டி பெங்களூர் ஹைவேயில ஏறி, சுங்குவார்சத்திரம் பக்கத்துல ஒரு பாலத்துலேர்ந்து இறங்கும்போது வண்டி ஆஃப். அறுபது கிலோமீட்டர் வேகம். பின்னாடி கண்டெய்னர் லாரி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனவங்களுக்கு அந்த ரோட்டுல கண்டெய்னர் லாரி எப்படி வரும்னு சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் வண்டி உருண்டுக்கிட்டு இருந்த வேகத்தையே வெச்சு இடது பக்கம் ஓரம் கட்டிட்டார். லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே கண்ணாடியை உரசற மாதிரி போச்சாம். தங்கச்சி இன்னிக்கும் அந்தப் பாலத்தைத் தாண்டறப்ப பேச மாட்டா.

வீட்டுக்கு வந்ததும் திட்டு வாங்கினது யார்? டிரைவர் அண்ணன்தான். "மெக்கானிக் ஓட்டினா நிக்கல, நான் ஓட்டினா நிக்கல, நீ ஓட்டினா மட்டும் எப்படி நிக்குது?" இது சித்தப்பா. பதினாலு வருஷமா அந்த வண்டியை ஓட்டறவர்கிட்ட "உனக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியலை"ன்னு ஒரு மெக்கானிக் சொல்லியிருக்கார். பெட்ரோல் காசை அடிக்கிறாரோன்னுகூட வீட்டுல பேச்சு வந்துடுச்சு. வேற ஆள் பார்க்கலாம்ங்கற அளவுக்குப் போச்சு.

இதுல வெக்கப்பட வேண்டிய விஷயம் என்னன்னா, நானும் நம்பலை. போன்ல "அண்ணே, ரிசர்வ்ல ஓட்டினீங்களா?"ன்னு கேட்டேன். அவர் ரெண்டு செகண்ட் சும்மா இருந்துட்டு "இல்ல தம்பி, டேங்க் பாதிக்கு மேல இருந்துச்சு"ன்னார். அந்த ரெண்டு செகண்ட் எனக்கு இன்னும் உறுத்துது.

ஏன்னா இதே கேள்வியை எங்க டெஸ்டிங் டீம் பொண்ணுகிட்ட நான் தினம் கேக்கறேன். "என் பொட்டியில நல்லா ஓடுதே?" அவங்க தப்பைப் பார்த்தாங்க, நான் பார்க்கலை, அதனால தப்பே இல்லைன்னு மூடிடறது. மூணு மாசம் கழிச்சு கஸ்டமர்கிட்ட அதே தப்பு வெடிக்கும். இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச வியாதி. இருந்தும் சொந்த ஊர்ல, எனக்கு கியர் போடக் கத்துக் குடுத்தவர்கிட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அவர்கிட்ட குடுத்தேன். "ஒவ்வொரு தடவை நின்னதும் ஓரம் கட்டிட்டு இதுல எழுதுங்கண்ணே. எந்த இடம், எந்த கியர், கால் எங்க இருந்துச்சு, மீட்டர் பக்கம் சிவப்பு லைட் எரிஞ்சுதா, திரும்ப ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம்." அவர் சிரிச்சார். ஆனா எழுதினார். மூணு வாரத்துல பதினோரு தடவை. அந்த நோட்டு இப்பவும் என்கிட்ட இருக்கு. எந்தக் கம்பெனி டிரெயினிங்லயும் இவ்வளவு சுத்தமான பக் ரிப்போர்ட் நான் பார்த்ததில்லை.

அதுல என்ன இருந்துச்சு?

1. பதினொண்ணும் நாலாவது கியர்ல. சமமான ரோடு, இல்லைன்னா இறக்கம். ஆக்ஸிலரேட்டர்ல கால் லேசா வெச்சிருக்கறப்ப. மேடு ஏறும்போது ஒரு தடவைகூட இல்லை.

2. நின்ன பதினோரு தடவையும் சார்ஜ் லைட், ஆயில் லைட் ரெண்டும் எரிஞ்சிருக்கு.

3. நின்ன உடனே சாவி போட்டா முதல் செல்ஃப்லயே ஸ்டார்ட். காத்திருக்க வேண்டியதே இல்லை. சில நேரம் காலை முழுசா எடுத்தாலே, வண்டி கியர்ல உருள்றப்ப இன்ஜின் தானா பிடிச்சுக்குது.

4. திக்கித் திணறி நிக்கலை. பட்டுனு நின்னுது.

5. கருட சேவை அன்னிக்கு ஒண்ணும் ஆகலை.

அந்த அஞ்சாவது வரியைப் படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஆனா அதுதான் பெரிய சாட்சி. வைகாசியில வரதர் கருட சேவை அன்னிக்கு ஊர் எப்படி இருக்கும்னு தெரியும்ல? அந்த வெயில்ல, அந்தக் கூட்டத்துல, ரெண்டு மணி நேரம் முதல் கியர்லயே வண்டி ஊர்ந்திருக்கு. இன்ஜின் கொதிச்சிருக்கும். "சூட்டுல காயில் அடைச்சுக்குது"ன்னு ஒருத்தர் சொன்னாரே, அது உண்மைன்னா அன்னிக்குத்தான் நின்னிருக்கணும்.

கொஞ்சம் படிச்சும், விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டும் நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். பழைய பெட்ரோல் வேன் வெச்சிருக்கற யாருக்காவது உதவலாம்.

பெட்ரோல் பக்கக் கோளாறுன்னா பெரும்பாலும் வண்டி இருமும், இழுவை குறையும், சில செகண்ட் தள்ளாடி நிக்கும். கார்பரேட்டர்ல இருக்கற பெட்ரோல் தீர நேரம் ஆகும் இல்லையா? கரண்ட் பக்கம் போச்சுன்னா சாவியை அணைச்ச மாதிரி ஒரே வெட்டு. நோட்டுல நாலாவது வரி அதைத்தான் சொல்லுது. கார்பரேட்டர், ஃபில்டர், பம்ப், இந்த 2,500 ரூபாயும் வீண்.

நின்ன அந்த நொடியில மீட்டரைப் பார்க்கறது ரொம்ப முக்கியம். சாவி ஆன்ல இருக்கு, இன்ஜின் நின்னாச்சுன்னா சார்ஜ் லைட்டும் ஆயில் லைட்டும் எரியணும். மொத்தமா எல்லாம் இருட்டாயிட்டா பேட்டரி டெர்மினல், எர்த் பட்டை, மெயின் ஃப்யூஸ், சாவி சுவிட்ச், இந்த வரிசையில பார்க்கணும். எரிஞ்சா அதுவரைக்கும் கரண்ட் வருது, அதுக்கப்புறம்தான் எங்கேயோ அறுந்திருக்கு. ரெண்டாவது வரி படி, பேட்டரி மாத்தின 4,300 ரூபாயும் வீண்.

சூட்டுல போற கோளாறுன்னா (காயில், எலக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கற வண்டியில அதோட மாட்யூல்) ஆறும் வரைக்கும் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. பத்து, பதினஞ்சு நிமிஷம் டீ குடிச்சுட்டு வந்தா ஸ்டார்ட் ஆகும். இது உடனே ஸ்டார்ட் ஆகுது. அப்போ காயிலும் இல்லை.

மிச்சம் இருக்கறது, கால் லேசா இருக்கறப்ப மட்டும் எது மாறுது?

அதைச் சொன்னவர் ஓரிக்கை பக்கம் ஒரு சின்ன ஷெட்ல உட்கார்ந்திருக்கற பெரியவர். ஆட்டோ எலக்ட்ரீஷியன், எழுபது வயசு இருக்கும். ஆடி மாசம், வண்டிக்கு வேலை கம்மியான நேரம் பார்த்து போனோம். நோட்டை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சார். அப்புறம் டிரைவர் அண்ணனைப் பார்த்து "இதெல்லாம் நீ எழுதினதாப்பா?"ன்னு கேட்டார். மூணு மாசத்துல அவர்கிட்ட மரியாதையா ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

முதல்ல காயிலுக்குக் கரண்ட் வர்ற முனையில ஒரு டெஸ்ட் லேம்ப்பைக் கட்டி, ஒயரை உள்ள இழுத்து மீட்டர் பக்கத்துல தொங்க விட்டார். "போய் ஓட்டிட்டு வா. நிக்கும்போது இது எரியுதா, அணையுதா, அதைப் பாரு." போனோம். உத்திரமேரூர் ரோட்டுல நின்னுச்சு. லேம்ப் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. (வண்டி நின்னதுக்கு நாங்க ரெண்டு பேரும் கை தட்டினது அன்னிக்குத்தான்.) அதாவது காயில் வரைக்கும் கரண்ட் சுத்தமா வருது. சாவி, ஃப்யூஸ், அங்கேர்ந்து வர்ற ஒயர் எல்லாம் நல்லவங்க.

திரும்பி வந்ததும் பெரியவர் இன்ஜினை ஐடில்ல ஓட விட்டார். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல வட்டமா ஒரு டப்பா இருக்கும், வாக்குவம் அட்வான்ஸ்னு பேர். அதுக்கு வர்ற டியூபைக் கழட்டிட்டு வேற ஒரு டியூபை மாட்டி வாயால உறிஞ்சினார். பட்டுனு இன்ஜின் நின்னுச்சு. ஸ்டார்ட் பண்ணி மறுபடி உறிஞ்சினார். மறுபடி நின்னுச்சு. மூணு மாசமா யாருக்கும் சிக்காத பூதம், ஒரு மூச்சுல சிக்கிடுச்சு.

விஷயம் இதுதான். பழைய பெட்ரோல் இன்ஜின்ல, கால் லேசா வெச்சு ஓட்டறப்ப கார்பரேட்டர்ல உண்டாகற வாக்குவம் அந்த டப்பாவை இழுக்கும். டப்பா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பாயிண்ட் உட்கார்ந்திருக்கற தட்டை கொஞ்சம் திருப்பும். தீப்பொறி கொஞ்சம் முன்னாடியே விழும், பெட்ரோல் மிச்சம். நல்ல ஏற்பாடு. ஆனா அந்தத் தட்டு திரும்பறப்பல்லாம், வெளியிலேர்ந்து பாயிண்ட்டுக்கு வர்ற அரை விரல் நீள ஒயரும் சேர்ந்து மடங்கி நிமிருது. முப்பது வருஷம் மடங்கி மடங்கி உள்ள இருந்த செம்புக் கம்பி அறுந்து போச்சு. மேல ரப்பர் உறை அப்படியே இருக்கு. தட்டு பழைய இடத்துல இருந்தா ரெண்டு முனையும் தொட்டுக்கிட்டு இருக்கும். தட்டு திரும்பினா முனை விலகும், இன்ஜின் காலி. இன்ஜின் நின்னதும் வாக்குவம் போயிடும், தட்டு திரும்பி வரும், முனை சேர்ந்துக்கும், முதல் செல்ஃப்ல ஸ்டார்ட்!

இப்ப நோட்டைத் திரும்பப் படிங்க. எல்லா வரியும் பொருந்துது. மேடு ஏறும்போது காலை அழுத்தறோம், வாக்குவம் குறையுது, நிக்கலை. கருட சேவையில ஊர்ந்தப்ப நிக்கலை. மெக்கானிக் ஷெட்ல ஐடில்ல ஓட விட்டப்ப நிக்கவே நிக்காது, ஏன்னா ஐடில்ல அந்த டியூபுக்கு வாக்குவமே வர்றதில்லை. சித்தப்பா ஊருக்குள்ள ரெண்டாவது கியர்ல ஓட்டிப் பார்த்துட்டு "நான் ஓட்டினா நிக்கலை"ன்னார் இல்லையா, அதுவும் உண்மைதான். எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருக்காங்க. ஒருத்தரை மட்டும் பொய் சொல்றார்னு நினைச்சோம்.

பெரியவர் அந்த ஒயரை ரெண்டு விரலால மெதுவா இழுத்துக் காட்டினார். ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டுச்சு. உள்ள கம்பி இருந்தா நீளாது. பாயிண்ட், கண்டென்ஸர் மாத்தினவர் இதைத் தொட்டுத்தான் மாத்தியிருக்கார், ஆனா வெளிய பார்க்க நல்லா இருந்ததால விட்டுட்டார். மெல்லிசான பல இழை ஒயரா பார்த்து அதே நீளத்துக்கு வெட்டி, முனை பிடிச்சு, பற்ற வெச்சார். "வீட்டு ஒயரைப் போட்டுடாதே, மடங்கற இடத்துல ஒரு மாசம் தாங்காது"ன்னும் சொல்லி விட்டார். அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் வண்டி ஒரு தடவைகூட நிக்கலை.

கூலி 300 ரூபாய். சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு முழம்கூட இல்லாத ஒயருக்கு முன்னூறா?"

இங்கதான் என் பதிவோட விஷயமே ஆரம்பிக்குது.

பார்ட்ஸை மாத்தி மாத்திப் பார்த்த மெக்கானிக்குகளைத் திட்டி எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, தப்பு அவங்க மேல மட்டும் இல்லைன்னு தோணுது. 10,700 ரூபாய்க்கு பார்ட்ஸ் வாங்கினப்ப யாரும் முணுமுணுக்கலை. கையில பொருள் வந்துச்சு, பழைய பொருளையும் காட்டினாங்க, மனசு நிறைஞ்சு போச்சு. ஒருத்தர் ஒரு மணி நேரம் படிச்சு, யோசிச்சு, சோதிச்சுக் கண்டுபிடிச்சதுக்கு 300 கேட்டா வலிக்குது. யோசிக்கிறதுக்குக் காசு குடுக்காத ஊர்ல எவன் யோசிப்பான்? மாத்திப் பார்க்கறவனுக்குத்தான் லாபம். அந்தப் பழக்கத்தை அவனுக்கு ஊட்டி வளர்த்தது நாமதான்.

மாத்திப் பார்க்கறதே தப்புன்னு சொல்ல வரலை. நல்லா ஓடற இன்னொரு வண்டியோட காயிலைக் கழட்டி இதுல போட்டு ஓட்டிப் பார்த்து, கோளாறு போகலைன்னா திருப்பி எடுத்துட்டா, அதுவும் ஒரு சோதனைதான். ஆனா ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும். மாத்தினப்புறம், கோளாறு வர்ற அதே நிலையில ஓட்டிப் பார்க்கணும். காயில், பிளக், கார்டு மூணையும் ஒரே நாள்ல மாத்திட்டு "இப்ப பாருங்க"ன்னா எதைப் பார்க்கறது?

இன்னொரு கூத்து இருக்கு. இந்த மூணு மாசத்துல ஒருத்தர் "டைரக்ட் குடுத்துடறேன்"னு ஃப்யூஸைத் தாண்டி ஒரு ஒயர் இழுத்து வெச்சிருக்கார். ஹாரனுக்கு, பாட்டுப் பெட்டிக்கு, சீரியல் லைட்டுக்குன்னு ஏற்கெனவே நாலு ஒயரை இன்சுலேஷன் டேப் சுத்தி அங்கங்க ஒட்டுப் போட்டிருக்காங்க. பெரியவர் அதைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டார். உள்ள ஷார்ட் ஆனா ஃப்யூஸ் போகாது, ஒயர்தான் எரியும். வண்டி நின்னா ஓரம் கட்டலாம். பட்டுப் புடவையோட எரிஞ்சா?

இதெல்லாம் நம்ம ஊர் ஷெட்டுலதான் நடக்கும்னு நினைச்சா, அதுவும் தப்பு. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 2014ல சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சது. சாவி சுவிட்ச் பலம் இல்லாம இருந்ததால, கனமான சாவிக் கொத்து தொங்கினாலோ, முழங்கால் பட்டாலோ, ஓடும்போதே சாவி பின்னுக்குத் திரும்பி இன்ஜின் ஆஃப் ஆயிடும். கூடவே ஏர்பேக்கும் வேலை செய்யாது. 124 மரணங்களுக்கு அந்தக் கம்பெனியோட நஷ்டஈட்டு நிதி பொறுப்பேத்துக்கிச்சு. ஓட்டினவங்க பல வருஷம் முன்னாடியே புகார் சொல்லியிருக்காங்க. கம்பெனிக்குள்ள அதை உயிர் ஆபத்துங்கற கணக்குல சேர்க்காம, வாடிக்கையாளரோட வசதிப் பிரச்சனைங்கற தலைப்புல வெச்சிருந்தாங்க. இதுக்கு நடுவுல சுவிட்சை சத்தமில்லாம மாத்தியும் இருக்காங்க, ஆனா பார்ட் நம்பரை மாத்தலை. அதனால பின்னாடி விசாரிச்சவங்களுக்கு எந்த வருஷத்துக் காருக்கு ஏன் கோளாறு வரலைன்னே புரியலை. கோடை மாத்திட்டு வெர்ஷன் நம்பரை மாத்தாம விடறதுதான் இது. நம்ம ஆளுங்களுக்கு விளக்கமே வேண்டாம்.

அதுக்கும் முன்னாடி ஃபோர்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மேலயே இக்னிஷன் மாட்யூலைப் பொருத்தினாங்க. சூடானா வண்டி நடு ரோட்டுல நிக்கும், ஆறினா ஓடும். கடைக்குக் கொண்டு போறதுக்குள்ள ஆறிடும், அங்க கேட்டா "ஒண்ணும் இல்லையே". வழக்கு கலிபோர்னியா கோர்ட் வரைக்கும் போய், 2001ல சமரசத்துல முடிஞ்சது. அவ்வளவு பெரிய கம்பெனி, அவ்வளவு பெரிய லேப். சுங்குவார்சத்திரத்துல எங்க அண்ணனுக்குக் கிடைச்ச அதே பதில்தான் அந்த ஊர்க்காரங்களுக்கும் கிடைச்சிருக்கு.

நம்ம நாட்டுலயும் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல வண்டிகளைத் திரும்ப அழைக்க வைக்கற பிரிவு வந்துச்சு. 2021ல விதிகளும் வந்தது. நல்ல விஷயம். ஆனா அது ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். பழைய வேன் வெச்சிருக்கறவனுக்கு துணை, அவனோட டிரைவரும் பக்கத்து ஷெட்டுப் பெரியவரும்தான்.

"பழைய வண்டியைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்க வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. 2022 ஏப்ரல்லேர்ந்து பதினஞ்சு வருஷம் தாண்டின கார்களுக்கு பதிவு புதுப்பிக்கற கட்டணம் 600 ரூபாயிலேர்ந்து 5,000 ஆயிடுச்சு. அரசாங்கம் அதைத்தான் சொல்லாம சொல்லுது. புகை, பாதுகாப்புன்னு பார்த்தா அதுல நியாயமும் இருக்கு. பிரேக்கும் பாடியும் போன வண்டியை ஓட்டணும்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா கோளாறு என்னன்னே தெரியாம வண்டியைத் தூக்கிப் போடறது வேற. புது வண்டியிலயும் கனெக்டர் லூஸ் ஆகும், சென்சார் சூட்டுல சதி பண்ணும், ஸ்கேனர் போட்டா சில நேரம் ஒரு கோடும் காட்டாது. அப்பவும் ஓட்டினவன் சொல்றதைக் கேக்கத்தான் வேணும்.

எங்க ஊர்ல இதுக்கு வெளிய எங்கயும் போய்ப் பாடம் படிக்க வேண்டாம். தறியில ஆயிரக்கணக்குல பாவு இழை இருக்கும். ஒண்ணு அறுந்தா நெசவாளி பாவையே மாத்தறாரா? தறியை நிறுத்திட்டு, அறுந்த இழை எதுன்னு தேடி, முடிச்சுப் போட்டு, மேல நெய்வார். தேடற நேரத்தை யாரும் வீண்னு சொல்றதில்லை. அதே தொழில்ல முப்பது வருஷம் இருக்கற எங்க சித்தப்பா, வேன்ல ஒரு இழை அறுந்ததுக்கு மொத்தப் பாவையும் மாத்தினார்!

கடைசியா, பழைய பெட்ரோல் வேன் வெச்சிருக்கறவங்களுக்கு:

- வண்டியில ஒரு நோட்டும் பேனாவும் வையுங்க. நின்னப்ப எழுதறதுதான் சாட்சி. சாயந்திரம் ஞாபகத்துலேர்ந்து சொல்றது பாதி கதை.
- நின்ன நொடியில மீட்டர் லைட்டைப் பாருங்க.
- ஓடும்போது நின்னா சாவியை வெளிய உருவிடாதீங்க, ஸ்டீரிங் லாக் ஆயிடும். பிரேக் பூஸ்டர் இருக்கற வண்டின்னா ஒண்ணு ரெண்டு மிதிதான் லேசா இருக்கும், அப்புறம் அழுத்தி மிதிக்கணும். விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா மிதிச்சு ஓரம் கட்டுங்க.
- சாவிக் கொத்துல வீட்டுச் சாவி, பீரோ சாவி, சாமி டாலர் எல்லாம் தொங்க வேண்டாம்.
- கோளாறைக் கண்டுபிடிச்சுச் சொன்னவருக்கு பார்ட் எதுவும் வாங்கலைன்னாலும் காசு குடுங்க. முணுமுணுக்காம.

எல்லாத்துக்கும் மேல, "வண்டி நின்னுச்சு"ன்னு ஓட்டினவர் சொன்னா, நின்னுச்சுன்னு எடுத்துக்கிட்டு ஆரம்பிங்க. அவர் சொல்றது பொய்னு நிரூபிக்க கிளம்பினா, நீங்க தேட வேண்டிய இடத்தை விட்டுட்டு அவரைத் தேடிக்கிட்டு இருப்பீங்க.

சித்தப்பா மன்னிப்பெல்லாம் கேக்கலை. அந்தத் தலைமுறைக்கு அது வராது. தீபாவளிக்கு அண்ணனோட வீட்டம்மாவுக்கு சொந்தத் தறியில நெய்த புடவை ஒண்ணு குடுத்தார், அவ்வளவுதான். நான்தான் கேட்டேன். "அதான் நோட்டு வாங்கிக் குடுத்தீங்களே தம்பி"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தார்.

பி.கு: திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் டெஸ்டிங் டீம் பொண்ணு "நேத்து ஒரு தடவை ஆப் தொங்கிடுச்சு, ஆனா திரும்ப வரலை"ன்னா. "என் பொட்டியில நல்லா..."ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, "அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"ன்னு கேட்டேன். இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம் :-)